கிடப்பில் போடலாமா, இப்போதே பற்றவைக்கலாமா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சுருட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு கதவு வரை போய்விட்டு, அங்கிருந்து திரும்பி வந்து பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதை இப்பவே பிடிக்கலாமா, இல்லை கொஞ்ச நாள் போட்டு வைக்கணுமா?" கூட்டமாக இருக்கும் நேரத்தில் "ரெண்டும் பண்ணலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அது பதில் இல்லை என்று எங்களுக்கே தெரியும். அதனால்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் சுயநலத்தைச் சொல்லிவிடுகிறோம். "வைத்துப் பிடியுங்கள்" என்று சொன்னால் எங்களுக்குத்தான் லாபம். வைக்க ஒரு பெட்டி, பிடிக்க ஒரு பெட்டி என்று இரண்டாக வாங்குவீர்கள், கூடவே சுருட்டை ஈரம் குறையாமல் வைக்கும் பெட்டியான ஹ்யூமிடரும் ஒன்று போகும். அப்படி இருந்தும் சொல்கிறோம், எங்கள் அலமாரியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த மாதமே பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. தூரத்திலிருந்து வந்து இறங்கிய பெட்டி என்றால் ஈரம் சமப்பட இரண்டு மூன்று வாரம் விடுங்கள், அது போதும்.

ஏன் என்று கேட்டால், உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே அந்தப் புகையிலை நிறையக் காலம் பார்த்துவிட்டது. அறுத்த இலை கொட்டகையில் தொங்கிப் பச்சை போய்ப் பழுப்பாகவே ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அப்புறம் அம்பாரமாகக் குவிப்பார்கள். குவியலின் நடுவில் தானாகவே சூடு ஏறும், அது அளவு மீறுவதற்குள் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயுமாக மாற்றி அடுக்குவார்கள், மறுபடி சூடு ஏறும், மறுபடி பிரிப்பார்கள். இந்தச் சூட்டில்தான் இலையிலிருந்து அமோனியா வெளியேறுகிறது. செடியின் உச்சியில் வெயிலை வாங்கித் தடித்து வளர்ந்த இலைக்கு லிகேரோ என்று பெயர், காட்டம் எல்லாம் அதில்தான், அம்பாரத்தில் அதிக நாள் கேட்பதும் அதுதான். நடுவில் இருக்கும் செகோ மணத்துக்கு. அடியில் இருக்கும் வொலாடோ நன்றாக எரிவதற்கு. பாடம் ஆன இலையைச் சிப்பம் கட்டி மறுபடி வருடக்கணக்கில் போட்டு வைப்பார்கள். பட்ரோன் என்ற நிறுவனத்தின் 1964 ஆனிவர்சரி வரிசைக்குக் குறைந்தது 4 வருடம் பழகிய இலை, 1926 வரிசைக்கு 5 வருடம். கியூபாவின் சிறப்புச் சுருட்டுகளில் ரிசர்வா என்றால் 3 வருட இலை, கிரான் ரிசர்வா என்றால் 5. சுருட்டிய பிறகும் செடார் பலகை அடித்த அறையில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஓய்வு.

இவ்வளவும் செய்து ஒருவர் "இப்போது சரி" என்று முடிவு கட்டித்தான் பெட்டியை மூடியிருக்கிறார். அதற்கு மேல் நீங்கள் ஐந்து வருடம் வைக்க நினைத்தால், அவர் செய்து முடிக்காத ஏதோ ஒன்றை உங்கள் பெட்டி செய்து முடிக்கும் என்று நம்புகிறீர்கள் என்று அர்த்தம். சில சுருட்டுகளில் அது உண்மைதான். எவற்றில் என்பதுதான் கேள்வி.

நாங்கள் பார்த்த வரை, காலம் ஒரு சுருட்டில் புதிதாக எதையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை, ஒவ்வொன்றாகக் கழிக்கிறது. முதலில் மிச்சமிருக்கும் அமோனியா போகும். அடுத்து தொண்டையில் உரசும் காரல். அடுத்து காட்டம் தணியும், அதுவரை காட்டத்துக்கு அடியில் அமுங்கிக் கிடந்த இனிப்பும் மரவாசனையும் அப்போதுதான் தலைகாட்டும், பழகிய சுருட்டு என்று ஆட்கள் சிலாகிப்பது இந்தக் கட்டத்தைத்தான். ஆனால் கணக்கு அங்கே நிற்பதில்லை. அதற்குப் பிறகு மணமும் போக ஆரம்பிக்கும். கடைசியில் கையில் இருப்பது அழகான, சீராக எரியும், ஒன்றுமே சொல்லாத ஒரு இலைச்சுருள்.

ஆக, இழப்பதற்கு ஏதாவது உள்ளதுதான் வைக்கத் தகுந்தது. லிகேரோ தூக்கலாகப் போட்ட நிகராகுவா சுருட்டு, பிடித்தால் தலை சுற்றுகிறது, மிளகு மாதிரி மூக்கில் ஏறுகிறது, ஆனால் அடியில் ஏதோ நல்லது இருப்பதுபோல் தெரிகிறது என்றால், தாராளமாக ஒரு வருடம் இரண்டு வருடம் போடுங்கள். நிழலில் வளர்த்த கனெக்டிகட் ஷேட் இலை போர்த்திய மிதமான சுருட்டை அப்படிப் போடுவதில் அர்த்தமே இல்லை, அதில் இருப்பதே மெல்லிய மணம்தான், அதையும் காலத்துக்குக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு என்ன மிஞ்சும்? பச்சை நிற கேண்டேலாவும் அப்படியே, வெப்பத்தில் வேகமாக உலர்த்திப் பச்சையைப் பிடித்து நிறுத்திய இலை அது, புதுசாக இருக்கும்போதே பிடித்து முடியுங்கள். கறுத்த மேலிலை போர்த்திய மதுரோவைப் பற்றிப் பலருக்கு ஒரு எண்ணம், கறுப்பாக இருப்பதால் காட்டமாக இருக்கும், அதனால் வைக்க வேண்டும் என்று. நிறத்துக்கும் காட்டத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அதன் மேலிலை ஏற்கெனவே நீண்ட நொதிப்பு பார்த்ததால்தான் அந்த நிறம். உள்ளே என்ன இலை இருக்கிறது என்று எங்களைக் கேளுங்கள், அதை வைத்து முடிவு செய்யலாம்.

கியூபச் சுருட்டு கொஞ்சம் வேறு கதை. சுருட்டிச் சில மாதங்களே ஆனது கைக்கு வருவது உண்டு, பெட்டியைத் திறந்ததும் அமோனியா குப்பென்று அடிக்கும். சீக்குக் காலம் என்பார்கள். அந்த நிலையில் பிடித்துவிட்டு "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று கேட்பவர்களிடம் எங்களுக்குக் கோபம் இல்லை, அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெட்டியைத் திருப்பி அடியைப் பாருங்கள். ஆலையின் குறியீடும், பெட்டியில் அடைத்த மாதமும் வருடமும் முத்திரையாக இருக்கும், மாதம் ஸ்பானியப் பெயரின் முதல் மூன்று எழுத்தில். அந்தத் தேதியிலிருந்து ஒரு வருடம் ஆகவில்லை என்றால் பொறுங்கள். இரண்டு மூன்று வருடம் ஆனது என்றால் தயங்காமல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தேதி என்பது பெட்டியில் அடைத்த நாள்தான், சுருட்டிய நாள் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

வைப்பது என்று முடிவு செய்தால் ஒற்றைச் சுருட்டை வைக்காதீர்கள், அது சூதாட்டம். ஒரு பெட்டியாக வையுங்கள். முதல் நாள் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் நான்கு வரி எழுதி அதே பெட்டிக்குள் சீட்டாகப் போட்டு வையுங்கள். நாக்குக்கு ஞாபகசக்தி கிடையாது, சீட்டுக்கு உண்டு. போன முறையைவிட இந்த முறை நன்றாக இருந்தது என்பது இரண்டு தடவை நின்றுபோனால் மிச்சத்தை நண்பர்களைக் கூப்பிட்டு முடித்துவிடுங்கள். நல்ல நாளுக்காக என்று ஒரு பெட்டியைப் பத்து வருடத்துக்கு மேல் திறக்காமலே வைத்திருந்தவர் ஒருவர் எங்களிடம் கொண்டுவந்தார், சேர்ந்தே பற்றவைத்தோம். சாம்பல் வெள்ளையாக, நேராக நின்றது. அதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

இருப்பிடம் சரியில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. சும்மா எடுத்துப் பிடிப்பதற்கு 65 முதல் 69 சதவீத ஈரப்பதம் சரி, வருடக்கணக்கில் கிடக்க வேண்டியதற்கு நாங்கள் 62, 65க்குள் வைக்கிறோம், வெப்பம் 18 டிகிரி செல்சியஸை ஒட்டி. ஈரம் கூடினால் சுருட்டு நமுத்து, இழுப்பு அடைத்து, நடுவில் நடுவில் அணையும். குறைந்தால் சருகாகி மேலிலை வெடிக்கும், எண்ணெய் ஒருமுறை போனால் திரும்ப நனைத்தாலும் வராது. ஹ்யூமிடரோடு வரும் ஈரமானியை நம்பாதீர்கள். ஒரு சிறு மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாமல் சேறு மாதிரி இருக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பைக்குள் ஒரு நாள் வையுங்கள், அது 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் கருவி எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹ்யூமிடருக்குள் அடித்திருக்கும் ஸ்பானிஷ் செடார் ஸ்பெயினிலிருந்து வருவதும் இல்லை, செடாரும் இல்லை. வேம்பும் மகோகனியும் இருக்கும் அதே குடும்பத்து மரம்.

வண்டைப் பற்றி எங்கள் சொந்த அனுபவம். ஒரு கோடையில் எங்கள் வைப்பறையின் குளிரூட்டி நின்றுபோனது, இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தோம். புகையிலை வண்டின் முட்டை இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும், குளிரில் ஒன்றும் ஆகாது, 24, 25 டிகிரியைத் தாண்டிச் சில நாள் போனால் பொரிக்கும். சில வாரம் கழித்து ஒரு பெட்டியைத் திறந்தால் ஊசியால் குத்தியது போலத் துளைகள், அடியில் மாவு மாதிரித் தூள். நாங்கள் வருடக்கணக்கில் எடுத்து வைத்த பெட்டிகள் அவை. துளை விழுந்ததைத் தூக்கிப் போட்டோம், மற்றதை இரட்டைப் பையில் போட்டு இறுக்கி, ஒரு நாள் குளிர்பெட்டியில், மூன்று நாள் மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில், மறுபடி ஒரு நாள் குளிர்பெட்டியில் என்று படிப்படியாகக் கொண்டுபோய்க் காப்பாற்றினோம். நேராக உறைபெட்டியிலிருந்து வெளியே எடுத்தால் மேலிலை பிளந்துவிடும்.

மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் "இது பழகியதற்கு அடையாளம்" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது வெறும் பூஞ்சணம். கண்ணாடித்தாள் உறையை எடுக்கலாமா வேண்டாமா என்பதற்கு, எப்படி இருந்தாலும் சரி. அதற்குள்ளும் காற்று போய்வரும், கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான்.

வைத்தால் சரியாகாதது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறோம். சுருட்டும்போதே இறுக்கிவிட்ட சுருட்டு பத்து வருடம் ஆனாலும் இறுக்கம்தான். 62 சதவீதத்தில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தும் இழுப்பு வரவில்லை என்றால் எங்களிடம் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம். அப்புறம், பழகிய சுருட்டு தொண்டைக்கு மிருதுவாக இருக்கிறது என்பதால் உடம்புக்குக் கேடு குறைந்தது என்று யாரும் எண்ண வேண்டாம், புகை புகைதான். எங்கள் கடையிலேயே அப்படிச் சொல்லி யாராவது விற்றால் எங்களிடம் சொல்லுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பெட்டி வைத்திருப்பவர்கள் அதன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். தேதியைப் படித்து, இப்போது ஒன்றைப் பற்றவைக்கலாமா என்று பதில் போடுகிறோம். கூட்டம் இல்லாத காலை நேரத்தில் அனுப்பினால் அன்றே பதில் வரும்.

அன்புடன்,
கடையிலிருந்து