பழைய ஆங்கிலத்துக்குப் பழைய பொருள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் பலர், பழைய நூல்களுக்கும் கைபேசி அகராதியையே நம்புகிறார்கள். அதில் முதலில் கண்ணில் படுவது இன்றைய பொருள்தான். இதனால் வாக்கியமே குழம்பிப்போகிறது.

1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விதை தரும் பூண்டுகளையும் மரத்தின் கனிகளையும் மனிதருக்குக் கொடுக்கும் கடவுள், இவை உங்களுக்கு 'மீட்' ஆக இருக்கும் என்கிறார். பழம் எப்படி இறைச்சியாகும் என்று மாணவர் விழிப்பது நியாயம்தான். பழைய ஆங்கிலத்தில் 'மீட்' என்றால் பொதுவாக உணவு, அவ்வளவுதான். 1300-ஐ ஒட்டி இறைச்சி என்ற பொருளும் வந்து சேர்ந்தது. இரண்டும் பல நூற்றாண்டுகள் ஒன்றாகவே புழங்கி, கடைசியில் பழையது ஒதுங்கிவிட்டது. இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் 'ஸ்வீட்மீட்' என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

'டீர்' என்பதும் அப்படியே. இன்று மான், அன்று எந்த விலங்கும். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் எலிகளைக்கூட சின்ன 'டீர்' என்கிறான் எட்கர். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லுக்கு இப்போதும் விலங்கு என்றுதான் பொருள்.

சரி, மாணவர் எங்கே பார்ப்பது? 1928-இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு குறித்து மேற்கோள் தருகிறது. கல்லூரி நூலகங்கள் அதைப் பூட்டிய அலமாரியில் வைக்காமல் மாணவர் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும். முதலாண்டிலேயே அதைப் புரட்டிப் பார்க்கச் சில வகுப்புகளும் ஒதுக்க வேண்டும்.

- ஆங்கில ஆசிரியை, தஞ்சாவூர்