கணிப்போடு கணித்த முறையையும் அச்சிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களவைத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம், எந்தக் கூட்டணிக்கு எத்தனை இடங்கள் கிடைக்கும் என்ற கருத்துக்கணிப்புகள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் இடம்பெறுகின்றன. அந்த எண்கள் யாரிடம், எந்த நாள்களில், எவ்வாறு கேட்டுப் பெறப்பட்டவை என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. 2024ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்பு, புள்ளியியல் பட்டம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நான், ஒரு கணிப்பு நிறுவனத்துக்காகப் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் பதினொரு நாள்கள் வீடு வீடாகச் சென்று கேள்வி கேட்டேன். அந்த அனுபவத்தைக் கொண்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முறைப்படி செய்தால் இது நல்ல வேலை. வாக்காளர் பட்டியலில் குறிப்பிட்ட பாகத்தை எடுத்து, இத்தனை பேருக்கு ஒருவர் என்று எண்ணி, அந்தப் பெயருக்கு உரியவரையே தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும். என் கையில் இருந்த முதல் பட்டியலில் இருபது பெயர்கள் இருந்தன. அவர்களில் நால்வர் திருப்பூரிலும் சென்னையிலும் வேலையில் இருந்தார்கள். இருவர் சிங்கப்பூரில் இருந்தார்கள். ஒருவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஊரில் இருந்த பெண்களில் பலர் கதவருகே நின்றுகொண்டு, "எங்க வீட்டுக்காரவுகளைக் கேட்டுக்க தாயி, அவுக சொல்றதுதான் எனக்கும்" என்றார்கள். வீட்டுக்காரர் உள்ளிருந்தே பதில் சொல்லிவிடுவார். திருமயத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், கருவேல விறகைத் தலையில் சுமந்து வந்த மூதாட்டி ஒருவர் என் கையில் இருந்த படிவத்தைப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சிக்காரவுக நீங்க? பேரை எழுதிட்டுப் போயி நூறு நாள் வேலையை நிறுத்திப்புடுவீங்களா?" என்று கேட்டார். நான் எந்தக் கட்சியும் இல்லை என்று எவ்வளவோ சொல்லியும் அவர் நம்பவில்லை. கடைசியில், ஆளுங்கட்சி எதுவோ அதற்கே போடுவேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அவருடைய பதிலையும் ஒரு வாக்காகத்தான் எண்ணினார்கள்.

இந்த அச்சத்துக்குக் கருத்தாய்வாளர்கள் எளிய வழி ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். வளரும் சமூகங்களின் ஆய்வு மையத்தின் லோக்நிதி ஆய்வுகளைப் போன்றவற்றில், சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, அதில் குறியிட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கும் கணவருக்கோ கேள்வி கேட்பவருக்கோ அவர் எதில் குறியிட்டார் என்பது தெரியாது. எங்களுக்கு அப்படி எதுவும் தரப்படவில்லை; வாய்விட்டுத்தான் சொல்லச் சொன்னோம். போதாக்குறைக்கு, முடித்த படிவத்தின் எண்ணிக்கைக்கு ஏற்பவே கூலி. ஒன்பதாம் நாள் மாலை, எண்ணிக்கை குறைவாக இருப்பதாகக் கூறி, மீதிப் படிவங்களைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தே "நிரப்பிவிடுங்கள்" என்றார் எங்கள் மேற்பார்வையாளர். நானும் இன்னொரு பெண்ணும் மறுத்தோம். மற்றவர்களை நான் குறை கூற மாட்டேன். வெயிலில் அலைந்து, பேருந்துக் கட்டணத்தையும் கைக்காசில் கொடுத்தவர்கள் அவர்கள்.

"ஒரு லட்சம் பேரிடம் கேட்டோம்" என்று சில நிறுவனங்கள் பெருமையாக விளம்பரம் செய்வது இதனால்தான் எனக்கு வருத்தம் தருகிறது. 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல்வழி மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, ஏறத்தாழ 23 லட்சம் பதில்களைப் பெற்று, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்துப் போட்டியிட்ட லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. 48 மாநிலங்களில் 46 மாநிலங்களை ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான முகவரிகள் எடுக்கப்பட்டிருந்தன; பதில் அனுப்பும் ஆர்வம் உள்ளவர்களே அனுப்பினார்கள். நெல் வாங்க வருபவர் மூட்டையின் மேலும் நடுவிலும் அடியிலும் குத்தூசி விட்டுப் பார்க்கிறார். வாய்ப்பக்கத்து நெல்லையே ஒரு படி அள்ளிப் பார்த்தாலும் அடியில் இருக்கும் பதர் தெரியாது. சரியாகத் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேர் இருந்தால், ஒரு மாநிலத்தின் வாக்கு விகிதத்தை ஏறத்தாழ மூன்று சதவீதப் பிழைக்குள் சொல்ல முடியும். ஆனால் அதே ஆயிரம் பேரைத் தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரித்தால் தொகுதிக்கு இருபத்தைந்து பேர்தான் வருவார்கள். அதை வைத்து ஒரு தொகுதியில் வெல்பவர் யார் என்று சொல்வதற்குப் புள்ளியியலில் இடமே இல்லை.

எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொகுதி மறுசீரமைப்பில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி நீக்கப்பட்ட பிறகு, புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிராப்பள்ளித் தொகுதிக்கும், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கும், அறந்தாங்கி இராமநாதபுரத்துக்கும், விராலிமலை கரூருக்கும் சென்றன. எங்களிடம் கொடுக்கப்பட்ட படிவத்தில் மாவட்டப் பெயரை எழுத மட்டுமே கட்டம் இருந்தது. நான்கு தொகுதி வேட்பாளர்களைப் பற்றிய பதில்கள் ஒரே கணக்கில் போய்ச் சேர்ந்தன.

வாக்கு விகிதம் சரியாகவே கிடைத்தாலும், அதை இடங்களாக மாற்றும்போது கணிப்பு தடுமாறுகிறது. 2014இல் தமிழ்நாட்டில் சுமார் 44 சதவீத வாக்குகள் பெற்ற அ.தி.மு.க. 37 இடங்களை வென்றது. ஏறத்தாழ 24 சதவீதம் பெற்ற தி.மு.க.வுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. நாட்டளவில் 2004இல் வாஜ்பாய் அரசே திரும்பும் என்று பெரும்பாலான கணிப்புகள் கூறியிருக்க, பா.ஜ.க. 138 இடங்களிலும் காங்கிரஸ் 145 இடங்களிலும் வென்றன. 2024 ஜூன் 1 மாலை வெளியான வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளில் பல, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் தந்தன, கிடைத்தவை 293. அந்தக் கணிப்புகளை நம்பி ஜூன் 3 அன்று ஏறிய பங்குச் சந்தையில், வாக்கு எண்ணிக்கை நடந்த மறுநாளே மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 4,000 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. அதில் கையிருப்பை இழந்த சிறு முதலீட்டாளர்களுக்கு யார் பதில் சொல்வது?

சட்டமும் இங்கே அரைகுறையாகவே உதவுகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளைத் தேர்தல் முடியும் வரை எல்லா ஊடகங்களுக்கும் தடை செய்கிறது. தேர்தலுக்கு முந்தைய கருத்துக்கணிப்புகளுக்கோ, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத் தடை மட்டுமே உண்டு. அந்தத் தடையைச் சொல்லும் 126ஆம் பிரிவு தொலைக்காட்சி போன்ற மின்னணு ஊடகங்களைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, அச்சு நாளிதழ்களை எட்டவில்லை. கணிப்பு நடத்துவோர் தங்கள் முறையை வெளியிட வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. கணிப்புகளை அடியோடு தடை செய்வதை நான் ஏற்கவில்லை. விலைவாசியைப் பற்றியும் வேலையைப் பற்றியும் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தலைவர்களின் மேடைப் பேச்சிலிருந்து அறிந்துகொள்ள முடியாது. ஒரு நல்ல ஆய்விலிருந்து அறிந்துகொள்ள முடியும்.

ஆகவே, இனி வெளியிடும் ஒவ்வொரு கணிப்புக்கும் அருகில் ஒரு சிறு கட்டம் இட வேண்டும் என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்ட நாள்கள், செலவை ஏற்றவர், நேரில் கேட்டதா தொலைபேசியிலா, வாக்காளர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தார்களா, அவர்களில் எத்தனை பேர் கிடைக்கவில்லை, எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள், பெண்கள் எத்தனை பேர் என்பன அதில் இருக்க வேண்டும். வாக்கு விகிதத்தையும் அதன் பிழை அளவையும் முதலிலும், இடங்களின் எண்ணிக்கையைத் தனியாக, அது ஓர் ஊகக் கணக்கு என்ற குறிப்போடும் வெளியிட வேண்டும். இந்த விவரங்களைத் தர மறுக்கும் நிறுவனத்தின் கணிப்பைத் தங்கள் நாளிதழ் அச்சிடாமல் விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருமயம், புதுக்கோட்டை மாவட்டம்.