சனிக்கிழமை விருந்துக்கு என்ன ஊற்றுவது?

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை வேலையிடத்து ஆட்கள் சாப்பிட வருகிறார்கள், சாப்பாட்டுக்கு முன் குடிக்கிற அப்பெரிட்டிஃபுக்கு என்ன வாங்குவது என்று கேட்டிருந்தாய். பாரிஸில் பார் மேசைக்குப் பின்னால் நின்றே தலை நரைத்த அப்பாவிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும்.

நிறையப் போத்தல் வாங்காதே. எங்கள் ஆட்களின் விருந்துபோல் விஸ்கியை நடுவில் வைத்துப் பதினொரு மணி வரை குடித்துவிட்டு, ஆறின சோற்றுக்கு எழும்புகிற கதை அங்கே வேண்டாம். பசியைக் கிளப்பத்தானே இதைக் கொடுக்கிறோம்! முக்கால் மணி நேரம், ஆளுக்கு ஒரு கிளாஸ், கூடினால் இரண்டு. கடும் இனிப்பு பசியை மந்தமாக்கும். கொஞ்சம் புளிப்போ கசப்போ இருந்து, நல்ல குளிராகவும் இருந்தால் வாய் ஊறும்.

டிஜோனில் இருந்துகொண்டு கிர் கொடுக்காவிட்டால் சிரிப்பார்கள். காசிஸ் என்கிற பிளாக்கரண்ட் பழ இனிப்பு மதுவில் வெள்ளை வைன் விட்டால் அதுதான் கிர். 1945 முதல் 1968 வரை உங்கள் ஊர் மேயராக இருந்த பாதிரியார் பெலிக்ஸ் கிர், நகரசபை விருந்தாளிகளுக்கு இதைத்தான் கொடுத்தார், பெயரும் அவருடையதே. வெள்ளை வைனில் அலிகொத்தே கேட்டு வாங்கு. அதன் புளிப்புத்தான் காசிஸின் இனிப்பைத் தாங்கும். விலை கூடிய வைனை இதற்குள் விடுவது வீண். முதலில் காசிஸ், பிறகு வைன். கரண்டி போட்டுக் கலக்கத் தேவையில்லை. ஒரு பங்குக்கு ஏழெட்டுப் பங்கு வைன் எனக்குச் சரி. பழைய ஆட்கள் காசிஸை இன்னும் கூட விடுவார்கள், எனக்கு அது பாணி மருந்து. மிச்சக் காசிஸைக் குளிர்சாதனப் பெட்டியில் வை, வெளியே நின்றால் நிறம் மங்கிப்போகும்.

பிரான்சின் தெற்கத்தியார் யாராவது வந்தால் அன்னாசிப்பூ மணக்கிற பஸ்திஸ் மது கேட்பார்கள். ஒன்றுக்கு ஐந்து பங்கு குளிர்ந்த தண்ணீர். தண்ணீர் விட்டதும் அதிலுள்ள அன்னாசிப்பூ எண்ணெய் பிரிந்து பால் நிறமாகும். ஐஸ்கட்டி கடைசியில்தான். முதலில் போட்டால் அந்த எண்ணெய் உறைந்து மேலே மிதக்கும். பாருக்குப் புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் இதில்தான் மாட்டுவார்கள். ஆனால் பஸ்திஸ் குடித்த வாய்க்கு மெல்லிய ருசி எதுவும் தெரியாது. உன் நண்டுக்கறி வேண்டுமானால் அதோடு மல்லுக்கட்டும்.

குடிக்காதவர்களை மறந்துவிடாதே. ஏன் குடிக்கவில்லை என்றும் கேட்காதே. மருந்தோ, மதமோ, வயிற்றில் பிள்ளையோ, அது அவரவர் பாடு. அவர்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் கோப்பையில் ஆரஞ்சு ஜூஸ் நீட்டினால் எனக்குக் கோபம் வரும். மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே கிளாஸ் கொடு. சோடாவில் தேசிக்காய், இடித்த இஞ்சி, ஒரு சிட்டிகை உப்பு போதும், சீனி வேண்டாம். தக்காளிச் சாற்றில் செலரி உப்புப் போட்டும் கொடுக்கலாம், பாரில் கேட்டுக் குடிப்பார்கள்.

கொறிக்க ஒலிவ், கச்சான், பருத்தித்துறை வடை. ரோல்ஸ், பற்றிஸ் என்று தொடங்கினாயோ, சோறு அப்படியே மிஞ்சும்.

எல்லோரும் வந்து சேரும் வரை கிளாஸில் வாய் வைக்காதே. முட்டும்போது கண்ணைப் பார்த்து முட்டு; அதை அவர்கள் கவனிப்பார்கள். யார் கார் ஓட்டி வருகிறார் என்று முதலே கேட்டு வை.

அம்மா வடையைத் தபாலில் போடுகிறேன் என்று நிற்கிறா. புது விலாசத்தை உடனே அனுப்பு.

அன்புடன்,
அப்பா