மறுநாள் சொதிக்குக் கைகொடுத்த உங்களுக்கு

திருநெல்வேலி, உடன்குடி, தூத்துக்குடி, ஆத்தூர், கோவில்பட்டி ஊர்களில் இருக்கும் என் அண்ணாச்சிகளுக்கும் ஆச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். வைகாசியில் என் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மத்தியானம் குரோம்பேட்டையில் 210 இலை போட்டோம். அத்தனை இலையிலும் சொதி, நம்ம ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு, விழுந்தது. சாப்பிட்டு எழுந்தவர்கள் என்னைத்தான் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டு சேரவேண்டிய இடம் வேறு என்பதால் இந்த மடல். உங்கள் பெயர்களைப் போட எனக்கு ஆசைதான். "எம்பேரு எதுக்குத் தாயி" என்று பாதிப் பேர் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். ஊரைச் சொன்னாலே நீங்கள் உங்களை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாணத்தில் மறுநாள் பெண் வீட்டார் போடும் சாப்பாடுதான் சொதிச் சாப்பாடு. மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பெயர். என் கல்யாணத்துக்கு அம்மா நின்று ஆக்கினாள். அவள் இப்போது இல்லை, எதையும் எழுதிவைக்கும் பழக்கமும் அவளுக்கு இருந்ததில்லை. வீட்டில் ஆறு பேருக்கு நான் சொதி வைப்பேன். இருநூறு பேருக்கு வைப்பது வேறு வித்தை. சம்பந்தி வீட்டார் சேலத்துக்காரர்கள், சொதியை அவர்கள் வாயில் வைத்ததே இல்லை. முதல் தடவையே அது சரியாக அமைய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் இருந்தது.

இங்கே முதலில் பேசிய சமையல்காரர் ஒரு நாள் செய்து காட்டினார். பட்டை கிராம்பு வாசத்தோடு வெள்ளைக் குருமா வந்தது. எலுமிச்சம்பழத்தை அடுப்பு எரியும்போதே பிழிந்ததில் பால் திரிந்து, எண்ணெய் தனியே மிதந்தது. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமில்லை. அடுத்த வாரம் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

திருநெல்வேலி டவுனில் மூன்று ஓட்டல்களில் சொதி கேட்டேன். கல்யாண ஆர்டருக்கு மட்டும்தான் என்றார்கள். வாகையடி முக்குக்குப் பக்கத்தில் மெஸ் நடத்தும் மாஸ்டர் அண்ணாச்சி, நீங்கள் மட்டும்தான் "நாளைக்குக் காலைல வாங்க, ஒரு ஆர்டர் இருக்கு, பக்கத்துல நின்னு பாருங்க" என்றீர்கள். ஒரு ஓட்டல்காரர் தன் அடுப்படிக்குள் அயல் ஆளை விடுவது லேசான காரியமில்லை. மூன்று மணி நேரம் ஓரமாக நின்று நான் பார்த்ததையெல்லாம் பிறகு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

காய்கறி தேங்காயின் மூன்றாம் பாலிலேயே வேக வேண்டும், தண்ணீரில் அல்ல. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பட்டாணி, உரித்த சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) எல்லாம் ஒன்றுபோல் வெந்தபிறகு குழைந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும். காரத்துக்குப் பச்சைமிளகாய் மட்டும். மிளகாய்த் தூள் பக்கத்திலேயே வரக்கூடாது. முதல் பால் கடைசியில், அதுவும் கொதிக்கக் கூடாது. ஓரத்தில் நுரை கூடும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சை, இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகு. "முதப் பாலை ஊத்திட்டு வேற வேலை பாக்கப் போயிராதீங்க. ராத்திரியே பால் எடுத்து வச்சிராதீங்க, வைகாசி வெயிலுக்குப் புளிச்சிரும். விடிஞ்ச பொறவு துருவுனாப் போதும்." இந்த மூன்று வாக்கியமும்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. 210 பேருக்கு 65 தேங்காய் என்று நீங்கள் போட்டுக்கொடுத்த கணக்கில் ஒரு காய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விருந்தன்று பத்தரை மணிக்கு வீடியோவில் அண்டாவைக் காட்டியபோது "எறக்குங்க, எறக்குங்க" என்று அங்கிருந்து சத்தம் போட்டீர்களே, அது இங்கே நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. உங்கள் கடையில் மத்தியானக் கூட்டம் தொடங்குகிற வேளை என்று எனக்குத் தெரியும்.

அதே தெருவில் இஞ்சித் துவையல் சொல்லிக்கொடுத்த ஆச்சி, உங்களுக்கு ஒரு நமஸ்காரம். தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாக உட்காரும், அதற்கு முறிவுதான் இஞ்சி என்பது எனக்குத் தெரியும். இஞ்சியை நல்லெண்ணெயில் சுருள வதக்காமல் அரைத்தால் கசப்பு தங்கிவிடும் என்பதை இத்தனை வருஷம் நான் கவனித்ததில்லை. என் துவையல் ஏன் நாக்கை உறுத்தியது என்று இப்போதுதான் விளங்கியது.

இனி உடன்குடி. விருந்து முடிந்ததும் எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி தர வேண்டும் என்பது என் ஆசை. சென்னையில் இரண்டு இடத்தில் வாங்கிப் பார்த்தேன். இரண்டும் வெறும் இனிப்பு. கருப்பட்டிக்கே உரிய அந்த லேசான உவர்ப்பும் புகை வாசமும் இல்லை. அதில் ஒரு துண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தேன், அண்ணாச்சி. உடைத்து வெளிச்சத்தில் காட்டினீர்கள். உள்ளே மினுமினுவென்று மணி மணியாக இருந்தது. "சீனி" என்று ஒரே சொல். உங்களிடம் இருப்பதில் 15 கிலோ கொடுங்கள் என்று கேட்டதற்கு, "இது போன வருசத்துச் சரக்கு தாயி. வீட்டுக்குன்னா தருவேன், கல்யாணத்துக்குத் தரமாட்டேன். புதுசு எறங்கட்டும்" என்றீர்கள். பணத்தை நீட்டிக்கொண்டு நின்றவளைத் திருப்பி அனுப்பினீர்கள். பன்னிரண்டாம் நாள் நீங்களே போன் செய்தீர்கள். இரண்டு ஓலைப்பெட்டிகளில் சரக்கு வந்தது. பிரித்ததும் வீடு முழுக்கப் பனங்காட்டு வாசம்.

அன்றைக்கு நீங்கள் என்னை அனுப்பிவைத்த விடிலியில், அந்தப் பனங்காட்டுக் குடிசையில், பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவர் வீட்டுக்காரர் விடியுமுன்னே பனையேறிவிடுகிறார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி வைப்பதால் பதநீர் கள்ளாகப் புளிக்காமல் நிற்கிறது. அதை வடிகட்டி, சித்திரை வெயிலில், அந்த அனலில், மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். கூழ் இறுகிப் பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். நான் பத்து நிமிஷம் துடுப்பைப் பிடித்தேன், கண் இரண்டும் எரிந்தது. அந்த அக்கா சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு சொம்புப் பதநீர் தந்தார், காசு வாங்கவில்லை. சுத்தமான கருப்பட்டி விலை கூடுதல் என்று யாராவது என்னிடம் சொன்னால் இனிமேல் அந்த விடிலியைப் பற்றித்தான் சொல்வேன்.

தூத்துக்குடியில் மக்ரூன் போடும் பேக்கரி தம்பிக்கும் ஒரு கடன் இருக்கிறது. தாம்பூலப் பையில் மக்ரூன் வைக்கப்போகிறேன் என்றதும் நீங்கள் பெட்டியை எடுக்கவில்லை. "மறுநாள் சொதின்னா சைவக்காரங்கள்லாம் வருவாங்களே, இதுல முட்டை வெள்ளைக்கரு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியுமாக்கா?" என்று கேட்டீர்கள். எனக்கே அது மறந்திருந்தது. வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் காய்ந்து கூம்பாக நிற்கும் அதைச் சின்ன வயதில் நாங்கள் எண்ணி எண்ணித் தின்போம். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் சில பெரியவர்கள் மனம் நொந்திருக்கும். பைகளை இரண்டு விதமாகப் பிரித்தோம்: மஞ்சள் பையில் மக்ரூன், பச்சைப் பையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். சென்னைக் காற்று பட்டால் மக்ரூன் பிசுபிசுத்துவிடும் என்று ஒவ்வொன்றையும் காற்றுப் புகாமல் தனித்தனியே கட்டித் தந்ததற்கும் சேர்த்து நன்றி.

கோவில்பட்டிக்காரர்களுக்கு நான் சொல்ல அதிகமில்லை. 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டத்துக்கு என் சான்றிதழ் எதற்கு? கரிசல்காட்டுக் கடலையின் மணம் அப்படியே இருந்தது. சொன்ன நாளில், சொன்ன எடையில் வந்து சேர்ந்தது.

அல்வா வாங்கியது இருட்டுக் கடையில். சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் எதிரே வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரே, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இப்போதே வாங்கிப்போய் வைக்கலாமா என்று கேட்டேன். "இப்ப அரைக் கிலோ வாங்கித் தின்னுட்டுப் போங்க. விசேஷத்துக்கு மொத நாள் யாரையாச்சும் நிக்கச் சொல்லுங்க. ஃப்ரிட்ஜ்ல மட்டும் வச்சிராதீங்க, நெய் உறைஞ்சிரும்" என்றீர்கள். சொன்னபடியே அண்ணன் மகன் வரிசையில் நின்று வாங்கி, அன்று இரவே ரயிலேறினான். இலையில் வைத்தபோது நெய் இன்னும் ஓரத்தில் கசிந்துகொண்டிருந்தது.

தூத்துக்குடிப் பக்கத்து ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் அண்ணாச்சி முதல் நாள் கிள்ளிய வெற்றிலையை வாழை இலையில் பொதிந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்த ஒரு குடும்பத்திடம் கொடுத்தனுப்பினார். அந்தக் குடும்பமும் எங்களுக்கு முன்பின் அறிமுகமில்லாதது. எழும்பூரில் காலையில் பொதியைக் கையில் தந்துவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த அந்த இலை வாடவே இல்லை.

விருந்தன்று மாப்பிள்ளையின் பாட்டி முதலில் சந்தேகமாகத்தான் சொதியைப் பார்த்தார். "பால் ஊத்தின குழம்பா?" என்று கேட்டார். ஒரு வாய் எடுத்தார், துவையலைத் தொட்டுக்கொண்டார், உருளைக்கிழங்கு வறுவலைக் கடித்தார். பிறகு இலையை விட்டுத் தலை நிமிரவில்லை. மூன்றாம் தரம் சோறு கேட்டபோது பக்கத்திலிருந்த சம்பந்தி அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மா பக்கத்தில் நின்றிருந்தால் உப்பு ஒரு கல் குறைவு என்றுதான் சொல்லியிருப்பாள். அதுவும் நிஜம். அடுத்த முறை சரிசெய்துகொள்கிறேன், மாஸ்டர் அண்ணாச்சி.

காப்பி கொடுத்து முடித்தபின் இரண்டு கிலோ கருப்பட்டி மிஞ்சியது. பாட்டி ஒரு கிலோவைக் கேட்டு வாங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோனார். உடன்குடி அண்ணாச்சி, உங்கள் ஓலைப்பெட்டிகள் இரண்டையும் துடைத்து வெயிலில் காயவைத்து மச்சில் வைத்திருக்கிறேன். ஆடி பிறந்ததும் நானும் மகளும் மருமகனும் ஊருக்கு வருகிறோம், கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
குரோம்பேட்டையிலிருந்து
டவுன்காரி