சபையில் அழுதால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊர்ச் சபையில் நடந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன், பெயர்கள் வேண்டாம். முன்னுக்கு நின்று செபம் நடத்திய ஒருவர், பெண்கள் தன்னை நம்பிக் கட்டிய சீட்டுக் காசை எடுத்துச் செலவழித்துவிட்டார். பல மாதம் ஆராதனைக்கு வராமல் இருந்தவர் இப்போது வந்து, கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார், திரும்ப ஊழியத்துக்கு வழி காட்டுகிறார் என்று அழுது சாட்சி சொன்னார். சனமும் அல்லேலூயா சொல்லிற்று. கடைசி வாங்கில் இருந்த ஒரு விதவைத் தாய் மட்டும் வாய் திறக்கவில்லை. கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போய்ச் சேர்த்த காசு அது, மாதாமாதம் அவர் கையெழுத்து வைத்த கொப்பி இன்னும் அந்த அம்மாவிடம் இருக்கிறது.

அந்த அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேதாகமத்தில் வருகிற சவுல் ராஜாவும்தான் பாவம் செய்தேன் என்றான், சொன்ன கையோடு மூப்பருக்கும் சனத்துக்கும் முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேல் தீர்க்கதரிசியிடம் கேட்டான். அவனுக்குப் பின் வந்த தாவீது ராஜாவும் பாவம் செய்தான், ஆனால் அதைக் கண்டித்த நாத்தான் தீர்க்கதரிசியிடம் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. கர்த்தர் மன்னித்த பிறகும் பிள்ளை செத்தது, வீட்டுக்குள் வாள் வந்தது, அதையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் இருந்தான்.

சரி, தேவன் வழி காட்டவேண்டும் என்று கேட்கிறோமே, இந்த விஷயத்தில் அவர் ஏற்கனவே காட்டிவிட்டாரே! வேதாகமத்தில் எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில், செய்த பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் குற்றம் செய்யப்பட்டவனுக்குக் கொடு என்று எழுதியிருக்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான், அப்புறம்தான் இயேசு இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, பிறகு நுண்கடனிலும் மாட்டித் தவிக்கிற பெண்களின் காசை விட்டுவிட்டு ஊழியத்தைப் பற்றி எப்படிக் கதைப்பது?

போதகர்மாரையும் மூப்பர்மாரையும் கேட்கிறேன், அவரைத் தள்ளிவைக்காதீர்கள், ஒதுக்கினால் மனிதன் உடைந்துபோவான். ஆனால் செபம் நடத்த விடவும் வேண்டாம், எங்களோடு வாங்கில் இருக்கட்டும். அந்தப் பெண்களையும் கூப்பிட்டு வைத்துக் கணக்கை எழுதுங்கள். முழுதாய்க் கொடுக்க முடியாவிட்டால் தவணையாய்க் கொடுக்கட்டும், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போய்க் கொடுக்கவேண்டும். தனியப் போகக் கூச்சப்பட்டால், கூடப் போவதற்குச் சபையில் நாங்கள் சிலர் இருக்கிறோம்.

சபை அங்கத்தவர் ஒருவர்,
கிளிநொச்சி மாவட்டம்