20 லட்சம் ஜோடிகள்

அன்புள்ள மகளுக்கு,

0, 1 மட்டுமே உள்ள ஸ்ட்ரிங்குகளில் (எழுத்துச் சரங்களில்) எந்த இரண்டை எடுத்தாலும் மிகக் குறைவாக எத்தனை இடங்களில் வேறுபடும் என்ற கேள்விக்கு நீ அனுப்பிய நிரலை நிதானமாகப் படித்தேன். விடை சரியாகத்தான் வருகிறது, நேரம்தான் போதவில்லை. பைத்தான் மெதுவான மொழி என்று அதன் தலையில் பழியைப் போட்டிருக்கிறாய். பாதி உண்மை. மீதிப் பாதி உன் உள் லூப்பில், அதாவது ஒவ்வொரு ஜோடிக்கும் திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார். 2000 ஸ்ட்ரிங், ஒவ்வொன்றிலும் 1024 எழுத்து. ஜோடிகள் மட்டுமே 19,99,000. ஒவ்வொரு ஜோடிக்கும் எழுத்து எழுத்தாகப் போனால் 200 கோடி ஒப்பீடுகளைத் தாண்டிவிடும். வேகமான மொழியான சி பிளஸ் பிளஸ்ஸே கொஞ்சம் திணறும், பைத்தானைக் கேட்கவே வேண்டாம்.

ஜோடிகளைக் குறைக்க இப்போது மண்டையை உடைக்காதே. ஒரு ஜோடிக்கு ஆகும் செலவைக் குறை. 0, 1 என்ற எழுத்து ஒவ்வொன்றும் நினைவகத்தில் 8 பிட் (ஒரு பிட் என்பது ஒரு 0 அல்லது 1) பிடிக்கிறது, சொல்லும் சேதியோ ஒரே பிட். அதனால் உள்ளீட்டைப் படிக்கும்போதே ஸ்ட்ரிங்கை எண்ணாக்கிவிடு. ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் இன்ட் (int) என்பதற்கு இரண்டாவதாக 2 என்று கொடுத்தால், அதை இரும எண்ணாகப் படித்துக்கொள்ளும். 1024 பிட் எண் பைத்தானுக்கு ஒரு பொருட்டே அல்ல.

அப்புறம் எக்ஸார் (XOR), இரண்டு எண்களைப் பிட் பிட்டாக ஒப்பிடும் செயல். 1011, 1001 இரண்டையும் எக்ஸார் செய்தால் 0010 வரும். வேறுபடும் இடத்தில் மட்டும் 1. அந்த 1-களை எண்ணினால் அதுதான் ஹாமிங் தூரம்; ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் பிழை திருத்தும் குறியீடுகள் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வந்த விஷயம். பைத்தான் 3.10 முதல் எண்ணுக்கே 1-களை எண்ணித்தரும் பிட் கவுண்ட் உண்டு. பழைய பதிப்பென்றால் bin போட்டு எண்ணை மறுபடி 0, 1 ஸ்ட்ரிங்காக்கி, அதில் 1-களை கவுண்ட் செய். சி பிளஸ் பிளஸ்ஸில் பிட்டுகளை அடுக்கிவைக்கும் பிட்செட் வைத்தால் ஒரு ஜோடிக்கு 64 பிட் வீதம் 16 துண்டுகள்தான். 200 கோடி 3 கோடிச் சொச்சமாகிவிடும்.

1-களை எண்ண, எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து அதோடு ஆண்ட் (AND: இரண்டிலும் 1 இருந்தால் மட்டும் 1) செய்யும் தந்திரத்தை நீ எங்கேயோ பார்த்து ஒட்டியிருக்கிறாய். 1100-உம் 1011-உம் சேர்ந்தால் 1000, அதாவது கடைசி 1 காணாமல் போகும். அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் எத்தனை 1 உண்டோ அத்தனை சுற்று ஓடும். தாறுமாறாக உருவாக்கிய இரண்டு ஸ்ட்ரிங் ஏறக்குறைய பாதி இடங்களில் வேறுபடும், அதாவது 512 சுற்று. இந்தக் கேள்விக்கு அது வேண்டாம்.

அதுவரை கண்ட குறைந்தபட்சத்தைத் தாண்டியதும் ஒப்பீட்டைப் பாதியில் நிறுத்துகிறாயே, அதிலும் இங்கே பெரிய மிச்சமில்லை. தாறுமாறான ஸ்ட்ரிங்குகளில் குறைந்தபட்சமே 400-க்கு மேல் இருக்கும். அதைத் தாண்டுவதற்குள் முக்கால்வாசி தூரம் போயிருப்பாய்.

அடுத்த கேள்வி வேறு ரகம். அங்கே எவ்வளவு வேறுபாடு என்று கேட்கவில்லை, ஒரே மாதிரி இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். ஜோடி ஜோடியாகப் பார்க்காமல் ஸ்ட்ரிங்குகளை அப்படியே ஒரு செட்டில் போடு, ஒரே மாதிரி இருப்பதை அது ஒருமுறைதான் வைத்துக்கொள்ளும். எண்ணாக்கும் கை அங்கே நீளும், கவனம்! அங்கே ஸ்ட்ரிங்குகளின் நீளம் வேறுபடுவதால், எண்ணாக்கினால் 011-உம் 11-உம் ஒன்றாகிவிடும். எண்ணாகத்தான் வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 1 ஒட்டி மாற்று: 1011, 111 என்று தனித்தனியே நிற்கும்.

சரி, மாற்றி எழுதியதும் அனுப்பு. லூப் எவ்வளவு சிறுத்திருக்கிறது என்று பார்க்க ஆசை.

அன்புடன்,
அப்பா