கோபி வட்டாரப் பள்ளிகளுக்கு 32 மழைமானிகள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் 32 அரசுப் பள்ளிகளில் தலா ஒரு மழைமானி வைக்கப் போகிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும். ஏன் மழைமானி, ஏன் சரியாக 32 என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள பிளாக்ஸ்பர்க் என்ற ஊருக்குப் போக வேண்டும்.

2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் விடுதி ஒன்றில் காலை ஏழேகால் மணி வாக்கில் இரண்டு மாணவர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். அது ஏதோ சொந்தத் தகராறு, சுட்டவர் வளாகத்தை விட்டுப் போயிருப்பார் என்று காவல்துறை நினைத்தது. மாணவர்களுக்கு முதல் எச்சரிக்கை மின்னஞ்சல் போனபோது மணி 9.26. வகுப்புகள் எப்போதோ தொடங்கியிருந்தன. சுட்டவன் அங்கேயே படித்த மாணவன். அவன் பெயர் இந்த வேண்டுகோளில் வராது. கிடைத்த விளம்பரமே அவனுக்கு அதிகம். நாரிஸ் ஹால் என்ற பொறியியல் கட்டடத்துக்குள் போய், மூன்று பிரதான வாசல்களையும் உள்பக்கமாகச் சங்கிலி போட்டுப் பூட்டினான். பிறகு மாடியில் இருந்த வகுப்பறைகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்தான். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் 174 குண்டுகள். அந்தக் கட்டடத்தில் மட்டும் 30 பேர் இறந்தார்கள். கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டான். காலையில் விடுதியில் இறந்தவர்களையும் சேர்த்தால் பலியானவர்கள் 32.

அவன் முதலில் நுழைந்த அறையின் எண் 206. அங்கே நீரியல் மேல்நிலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எத்தனை மழை பெய்தால் ஆற்றில் எத்தனை நீர் வரும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எத்தனை பெரிய வெள்ளம் வரும் என்று கணக்குப் போடும் பாடம். பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் பேராசிரியர் ஜி.வி.லோகநாதன். நம்ம கரட்டடிபாளையத்துக்காரர். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ., கான்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக்., அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அதன் பிறகு கால் நூற்றாண்டு வர்ஜீனியா டெக்கில்தான் வேலை. 53 வயது முடிந்து எட்டாம் நாள் அது. அவரோடு அந்த அறையில் இருந்த 13 மாணவர்களில் ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் தொலைவிலிருந்து படிக்கப் போனவர்களும் உண்டு. இந்தோனேசியாவிலிருந்து ஒருவர், எகிப்திலிருந்து ஒருவர், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒருவர்.

சிலை வைக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. பேருந்து நிலையம் பக்கத்தில் மார்பளவுச் சிலை, ஏப்ரலில் ஒரு மாலை. நாங்கள் வேண்டாம் என்றோம். சிலை வைத்துவிட்டால் அதோடு அதை மறந்துவிடலாம், மாலை போட மட்டும் ஆள் தேட வேண்டும். தண்ணீரைக் கணக்கிடக் கற்றுக்கொடுத்தவருக்குத் தண்ணீர்க் கணக்கிலேயே ஏதாவது செய்வதுதான் பொருத்தம் என்று எங்களுக்குப் பட்டது. அவர் பெயர் பொறியியல் உலகில் இன்றும் புழங்குவதும் தண்ணீர்க் கணக்கால்தான். கொரியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இருவரோடு சேர்ந்து 2001இல் அவர் வெளியிட்ட 'ஹார்மனி சர்ச்' என்ற கணக்கீட்டு முறையை இன்று பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். கச்சேரியில் வாசிப்பவர்கள் சுருதி கூடும்வரை மாற்றி மாற்றி வாசித்துப் பார்ப்பதிலிருந்து எடுத்த யோசனை. ஊருக்குக் குடிநீர்க் குழாய் பதிக்கும்போது எந்தத் தெருவுக்கு எந்த அளவுக் குழாய் போட்டால் செலவு குறையும் என்று பார்க்க அது உதவும்.

அப்படியானால் அவர் பெயரில் ஒரே ஒரு மழைமானி போதாதா என்று கேட்டார்கள். நம் ஊர்க்காரர் ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து அழுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அடுத்தடுத்த அறைகளில் அன்று நடந்தவற்றைப் படித்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். 204ஆம் அறையில் லிவியு லிப்ரெஸ்கு என்ற 76 வயதுப் பேராசிரியர். நாஜிகள் காலத்து யூதப் படுகொலையில் ருமேனியாவில் உயிர் தப்பியவர். கதவைத் தன் உடம்பால் அடைத்து நின்றார், மாணவர்கள் பலர் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார்கள், அவரும் மும்பையிலிருந்து படிக்கப் போன மாணவி ஒருவரும் தப்பவில்லை. அந்தப் படுகொலையை உலகெங்கும் யூதர்கள் நினைவுகூரும் நாளாகவும் அந்தத் திங்கட்கிழமை இருந்தது.

பிளாக்ஸ்பர்க்கில் மாணவர்கள் சில மணி நேரத்திலேயே பர்ரஸ் ஹால் முன்னால் அரைவட்டமாக 32 கற்களை வைத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகக் கட்டடங்கள் எல்லாம் கட்டப்பட்டிருக்கும் அதே சாம்பல் நிறக் கல். ஆகஸ்ட் மாதம் அதே இடத்தில் நிரந்தர நினைவிடம் அமைந்தது. இடையில் ஒரு மாணவி, சுட்டவனுக்கும் சேர்த்து 33ஆவது கல்லை வைத்தார். அதை யாரோ எடுத்துவிட்டார்கள். எங்கள் குழுவிலும் ஒருவர் 33 என்று பேச்சை எடுத்தார். சூடாகத்தான் விவாதம் நடந்தது. முடிவு 32. ஆனால் அவர் சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் எங்களுக்கு மனம் வரவில்லை. திட்டத்தின் இரண்டாம் பகுதியான ஆசிரியர் பயிற்சி அதிலிருந்து வந்ததுதான்.

வர்ஜீனியா ஆளுநர் டிம் கெயின் அமைத்த விசாரணைக் குழு 2007 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. படிக்கப் படிக்க மனம் கனக்கும். அந்த மாணவனிடம் ஏதோ சரியில்லை என்பது பலருக்கும் தெரிந்திருந்தது. ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்த லூசிண்டா ராய் கவலைப்பட்டுச் சொல்ல வேண்டிய இடங்களில் சொன்னார், அவனை வகுப்பிலிருந்து பிரித்துத் தனியாக உட்காரவைத்துப் பாடமும் எடுத்தார். வளாகப் போலீஸுக்கு ஒரு துண்டு தெரியும், விடுதிக்கு ஒரு துண்டு, ஆலோசனை மையத்துக்கு ஒரு துண்டு. அந்தரங்கச் சட்டம் தடுக்கிறது என்று தவறாக நினைத்து ஒருவரும் அடுத்தவரிடம் சொல்லவில்லை. 2005 டிசம்பரில் அவன் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற வேண்டும் என்று நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தது. அது துப்பாக்கி விற்பனைக்கான தேசியப் பதிவேட்டுக்குப் போகவில்லை. அதனால் 2007 தொடக்கத்தில் சோதனையில் தேறி, கடையில் இரண்டு கைத்துப்பாக்கிகளைச் சட்டப்படியே வாங்கினான். அந்த ஓட்டையை வர்ஜீனியாவில் ஆளுநர் இரண்டே வாரத்தில் அடைத்தார். நாடு முழுவதற்குமான சட்டத்தில் 2008 ஜனவரியில் அதிபர் புஷ் கையெழுத்திட்டார். துப்பாக்கி அத்தனை சுலபமாகக் கிடைப்பதைப் பற்றி அந்தச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்பது எங்கள் கருத்து. அது அமெரிக்கர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், இந்த வசூல் அதற்கானதல்ல.

நம் ஊர்ப் பள்ளியில் துப்பாக்கி இல்லை. ஆனால் பேச்சை நிறுத்திக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எல்லாப் பள்ளியிலும் உண்டு. அப்படி இருப்பவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூடப் பிறரைத் தாக்கப்போவதில்லை. பெரும்பாலும் அவர்களுக்குத்தான் ஆபத்து. கணக்கு வாத்தியாருக்கு ஒன்று தெரியும், பி.டி. சாருக்கு ஒன்று தெரியும், சத்துணவு அக்காவுக்கு எல்லாம் தெரியும். மூன்று பேரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். எனவே ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் இரண்டு ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. எதைக் கவனிப்பது, யாரிடம் சொல்வது, 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை எப்போது அழைப்பது, முக்கியமாக ஒரு பிள்ளைக்கு முத்திரை குத்தாமல் எப்படிப் பேசுவது. பயிற்சி தரும் உளவியலாளர்கள் ஊதியம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போக்குவரத்தும் சாப்பாடும் நம் பொறுப்பு.

இனி மழைமானி. பார்க்கச் சாதாரணப் பொருள்: மேலே புனல், உள்ளே நீர் சேரும் குடுவை, அளக்க ஒரு குவளை. ஆனால் வாங்குவதிலும் வைப்பதிலும் விஷயம் இருக்கிறது. புனல் வாயின் பரப்பு 200 சதுர செ.மீ. என்றால் குவளையும் அதற்கென்று கோடு போட்டதாக இருக்க வேண்டும். 100 சதுர செ.மீ. புனலுக்கான குவளையைக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டால் பெய்த மழை இரண்டு மடங்காகத் தெரியும். சுவர் பத்தடி உயரம் என்றால் குறைந்தது இருபதடி தள்ளி வைக்க வேண்டும். வேப்பமரத்தடி ஆகவே ஆகாது. புனல் விளிம்பு தரையிலிருந்து ஓரடி உயரத்தில்தான் இருக்கும், ஆகவே ஆட்டுக்கும் வாலிபால் பந்துக்கும் தப்பக் கம்பிவேலி வேண்டும். தினமும் காலை 8.30க்கு அளவெடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஞாயிறும் தீபாவளியும் விதிவிலக்கல்ல. மூன்று நாள் விடுமுறையில் விட்டுவிட்டால் மூன்று நாள் மழையும் ஒன்றாகக் கலந்துவிடும். பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகள் முறை வைத்து அந்த நாட்களைப் பார்த்துக்கொள்வார்கள். 2.5 மி.மீ. சேர்ந்தால்தான் வானிலைத் துறை அதை மழை நாள் என்று கணக்கில் எடுக்கும். நம் ஊரில் 'ஒரு உழவு மழை' என்பது எத்தனை மி.மீ. என்று பிள்ளைகள் தாத்தாவிடம் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பவானிசாகர் அணை நிறைவது தென்மேற்குப் பருவத்தில் நீலகிரிப் பக்கம் பெய்யும் மழையால். நம் வயலில் விழுவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவ மழை. அதுவும் தடப்பள்ளி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொட்டும், இந்தப் பக்கம் தூறல்கூட இருக்காது. ஊருக்கு ஊர் அளந்தால்தான் இது தெரியும். அரசின் மழைமானி எல்லா ஊரிலும் இல்லை. ஆகையால் பிள்ளைகள் எழுதும் கணக்கு விளையாட்டுக்கு எழுதுவதாக இருக்காது.

மழைமானி, சிமென்ட் மேடை, வேலி, பதிவேடு எல்லாம் சேர்த்து ஒரு பள்ளிக்கு 11,500 ரூபாய் ஆகிறது. 32 பள்ளிகளுக்கு 3,68,000. ஆசிரியர் பயிற்சிக்கு 72,000. உடைந்த குவளைகளை மாற்ற 20,000 (உடையத்தான் செய்யும்). மொத்தம் 4,60,000 ரூபாய். குழுவில் உள்ளவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 85,000 சேர்ந்திருக்கிறது. மீதி 3,75,000 வேண்டும். ஒரு பள்ளியை முழுதாக ஏற்றுக்கொள்ளலாம், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தும் ஏற்கலாம். நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. நன்கொடையாளர் பெயர் எங்கேயும் பொறிக்கப்படாது. மேடையில் 'வர்ஜீனியா டெக், 16.4.2007' என்று மட்டும் இருக்கும்.

சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். 80ஜி வரிச்சலுகை எங்களிடம் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்களிடமிருந்து நாங்கள் பணம் பெற முடியாது, ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் முடியாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் எந்த நாட்டில் வேலை பார்த்தாலும் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தரலாம். பேராசிரியரிடம் படித்து இன்று அங்கேயே பொறியாளராக இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களிடம் கேட்பது நேரம்: பிள்ளைகள் சேர்க்கும் மழைக்கணக்கைப் பார்த்து, வருடம் ஒருமுறை காணொளியில் அவர்களோடு ஒரு மணி நேரம் பேசினால் போதும்.

பேராசிரியரின் குடும்பத்துக்கும் இந்த வசூலுக்கும் பணத் தொடர்பு எதுவும் இல்லை. அவர்கள் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பிளாக்ஸ்பர்க் துயரத்துக்குப் பின் பல்கலைக்கழகத்தின் ஹோக்கி ஸ்பிரிட் நினைவு நிதிக்குப் பணம் குவிந்தபோது, அதை எப்படிப் பங்கிடுவது என்று சொல்ல, செப்டம்பர் 11 இழப்பீட்டு நிதியை நடத்திய வழக்கறிஞர் கென்னத் ஃபைன்பெர்கைக் கூப்பிட வேண்டியிருந்தது. எங்கள் தொகை அதன் முன் ஒன்றுமே இல்லை. ஆனாலும் துக்கத்தின் பெயரில் வாங்கும் காசு இது. வரவு செலவு மாதாமாதம் எழுத்தில் வரும். வெளி ஆடிட்டர் ஒருவர் பார்ப்பார். பணம் மிஞ்சினால் அடுத்த ஆண்டுப் பயிற்சிக்குப் போகும்.

2026 அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் எல்லா மேடைகளும் காய்ந்து தயாராக இருக்க வேண்டும். அப்போதுதான் 20 ஆண்டு நிறையும் 2027 ஏப்ரலில் ஒரு பருவத்தின் முழுக் கணக்கு கையில் இருக்கும். ஆகவே ஆகஸ்ட் மாத இறுதிக்குள் தந்துவிடுங்கள். வங்கி விவரம் இணைப்புத் தாளில் இருக்கிறது, அனுப்பியதும் பெயரையும் ஊரையும் தெரிவியுங்கள். இதுவரை 27 பள்ளிகள் சம்மதம் தந்திருக்கின்றன. இன்னும் ஐந்து வேண்டும். மலையடிவாரப் பக்கம், குறிப்பாக டி.என்.பாளையம் பகுதியில், திறந்த மைதானம் உள்ள பள்ளியின் தலைமையாசிரியர் யாரையாவது தெரிந்தால் எங்களோடு சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குழுவினர்,
கோபிசெட்டிபாளையம்